பவளமல்லியா, ஈழத்தலரியா, வெள்ளை மந்தாரையா? சிறிய தோட்டத்துக்கான பூமரங்கள்: ஓர் ஒப்பீடு

வீட்டுத் தோட்டத்துக்குப் பூமரம் தேடுபவர்கள், அது பூத்துக் குலுங்கும் நாளின் தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். இடம் குறைந்த தோட்டத்தில் எந்த மரமும் கவாத்துக் கத்தரிக்குத் தப்புவதில்லை. ஆகவே, வெட்டினால் மரம் எப்படித் துளிர்க்கும், பூவில்லாத மாதங்களில் எப்படி நிற்கும் என்பவற்றையே முதலில் கேட்க வேண்டும். ஐந்து மீட்டருக்குள் அடக்கி வளர்க்கக்கூடிய மூன்று மரங்களை இங்கே அவ்வாறு அலசலாம். சரக்கொன்றையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். 10 மீட்டரைத் தாண்டி வளரக்கூடியதைச் சிறு மரம் என்று சொல்வது நியாயமில்லை.

பவளமல்லி, மல்லிகையின் குடும்பத்தைச் சேர்ந்தது. பொழுது சாய்ந்தபின் விரியும் பூக்கள் விடியும்போது உதிர்ந்துவிடுவதால், இதன் அழகு கிளையில் இருப்பதைவிடத் தரையில்தான் அதிகம். வெள்ளை இதழ்களும் ஆரஞ்சுக் காம்பும் தெரியும்படி உதிர்ந்து கிடக்கச் சுத்தமான மண்பரப்பு மரத்தடியில் வேண்டும். ஆனால், பூக்காலம் முடிந்து வறட்சி தொடங்கியதும் உப்புத்தாள் போல் சொரசொரக்கும் அதன் இலைகள் தொங்கிக் கருகி உதிர, தட்டையான பழுப்புக் காய்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தைப் பார்த்துப் பட்டுப்போய்விட்டதோ என்று அஞ்சுபவர்கள் உண்டு. கவாத்து செய்ய அதுவே சரியான சமயம். புதுத் தளிரில் பூப்பதால், அப்போது கிளைகளைப் பாதியளவு குறைத்தாலும் அடுத்த பூக்காலத்துக்குள் மரம் ஈடுகட்டிவிடும். வெட்டாமல் விட்டால் ஒல்லிக் கிளைகள் தாறுமாறாக நீண்டு, பூக்கள் கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

மெக்சிகோவும் கரீபியத் தீவுகளும் உள்ளிட்ட பகுதியிலிருந்து வந்த ஈழத்தலரி, அதாவது புளூமேரியா, இதற்கு நேர் எதிரானது. அதன் பூங்கொத்து கிளையின் நுனியில்தான் வரும். நுனியை வெட்டினால் அந்தக் கிளையின் பூவும் போய்விடும். வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து இரண்டு மூன்று புதுக் கிளைகள் கிளம்பினாலும், அவை முற்றிப் பூக்கப் பெரும்பாலும் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். எனவே ஆண்டுதோறும் வெட்டியே தீர வேண்டிய மூலையில் இதை நடுவது வீண். வெட்டும்போது வடியும் பால் தோலிலும் கண்ணிலும் பட்டால் எரிச்சல் தரும் என்பதால் கையுறை அவசியம். அதே நேரம், வெட்டிய தண்டே கன்றாகிவிடும். பால் நின்று வெட்டுவாய் நன்றாகக் காயும்வரை நிழலில் வைத்திருந்து நட்டால் எளிதில் வேர்பிடிக்கும், ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும். இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் பொடி தட்டுப்பட்டால் அது துரு நோய். உதிர்ந்த இலைகளை உடனே அப்புறப்படுத்துவதுதான் முதல் மருந்து. பூவிதழ்களில் சிவப்பு, மஞ்சள் சாயல்கள் கலந்த வகை இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். இலை நுனி மழுங்கிய வெள்ளை வகை, வெப்பமான இடங்களில் பெரும்பாலும் பசுமை மாறாமல் இருக்கும். உறைபனி விழும் ஊர்களில் இரண்டையுமே தொட்டியில் வளர்த்துக் குளிர்காலத்தில் உள்ளே எடுத்துவைக்க முடியும். மற்ற இரண்டையும் அவ்வளவு சுலபமாகத் தொட்டியில் அடக்க முடியாது.

வெள்ளை மந்தாரைக்கு மணம் பெரிதாகக் கிடையாது. மற்ற இரண்டுக்கும் அது தோற்கும் இடம் இது ஒன்றுதான். இரண்டு மூன்று மீட்டர் உயரத்திலேயே நின்றுவிடும். இரவு ஊறவைத்த விதை விரைவில் முளைத்து ஓரிரண்டு ஆண்டில் பூக்கும். எந்தப் பக்கம் வெட்டினாலும் கோபித்துக்கொள்ளாமல் துளிர்த்து மொட்டு விடும். அவரைக் குடும்பம்தானே என்று உரமிடாமல் இருந்துவிடக் கூடாது, ஏனெனில் மந்தாரை வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் முடிச்சுகள் உருவாவதில்லை. வாங்கும்போதும் கவனம் தேவை: வெள்ளையாகவே பூக்கும் பெரிய மந்தாரை வகையும் உண்டு, அது 10 மீட்டர் வரை போகும். சிறியதன் பூவில் பத்து மகரந்தத் தாள்களும் பெரியதன் பூவில் ஐந்தும் இருக்கும். பூவில்லாத கன்றாக இருந்தால், பிளந்த இலையின் இரு நுனிகளும் கூராக இருப்பதைப் பார்த்து வாங்கலாம்.

ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம், அதுவும் சுவரோரம் என்றால், என் தேர்வு வெள்ளை மந்தாரை. படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே ஓரளவு திறந்த இடம் இருந்தால், மணத்துக்காகவே பவளமல்லிக்கு அதை ஒதுக்குவேன். ஈழத்தலரிக்கு நாள் முழுவதும் வெயிலும், நீர் தேங்காத மண்ணும், கிளைகள் விருப்பம்போல் கவைவிட்டுப் பரவ இடமும் வேண்டும். இவை இருந்தால் மற்ற இரண்டும் அதற்கு ஈடாகா. நான்காவதாக மஞ்சள் அரளியைப் பலர் சொல்வதுண்டு. அதன் விதை முதல் பால் வரை அனைத்தும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு என்பதால், குழந்தைகளோ கால்நடைகளோ நடமாடும் தோட்டத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.