தகவல் போருக்குத் தனிக் கட்டளை அமைப்பா, தளபதி அறையில் ஒரு மேசையா?

2025 ஜனவரி கடைசியில் கிழக்கு காங்கோவின் கோமா நகரம் கிளர்ச்சியாளர்களிடம் விழுந்த வாரம், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில்கூட அந்த வெள்ளைக் கொடி வீடியோதான் ஓடியது. அங்கே நின்ற நம் தென்னாப்பிரிக்கச் சிப்பாய்கள் சரணடைந்துவிட்டார்கள் என்று ஒரே பேச்சு. சடலங்களை எடுக்க எம்23 கிளர்ச்சிப் படையுடன் செய்துகொண்ட தற்காலிக நிறுத்தம் அது என்று ராணுவம் விளக்கியது, ஆனால் அதற்குள் வீடியோ ஊரைச் சுற்றி வந்துவிட்டது. அந்தச் சண்டையில் நம் ஆட்கள் 14 பேர் போனார்கள். அந்தக் கிளர்ச்சிக்குப் பின்னால் இருப்பதாகச் சொல்லப்படும் ருவாண்டாவின் அதிபர் ககாமே வேறு எக்ஸ் தளத்தில் நம் அதிபர் ரமபோசாவுக்கு நேரடியாக மறுப்பு எழுதிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட நேரத்தில் பதில் சொல்வது, எதிரி ரேடியோவை அடைப்பது, அவன் கணினிக்குள் நுழைவது, தகவல் போர் எனப்படும் இதெல்லாம் யார் உத்தரவில் நடக்க வேண்டும்?

முதல் வழி, செல் (cell), அதாவது ஒரு சிறு ஒருங்கிணைப்புக் குழு. அமெரிக்கா 1998-இல் வெளியிட்ட கூட்டுத் தகவல் நடவடிக்கைக் கோட்பாடு இதைத்தான் சொன்னது: தனிப் படை வேண்டாம், நடவடிக்கைப் பிரிவுக்குள்ளேயே ஒரு சிறு குழு, அதில் மின்னணுப் போர் (ரேடியோ, ரேடார் அடைப்பு), உளவியல் வேலை, கணினி, எதிரியை ஏமாற்றும் திட்டம் எல்லாவற்றுக்கும் ஆள். மலிவானது, சண்டைக்குப் பக்கத்திலேயே இருப்பது. ஆனால் செல்லால் ஒருங்கிணைக்கத்தான் முடியும், உத்தரவு போட முடியாது. விமானப்படை தன் ரேடியோ அடைக்கும் விமானத்தைத் தரமாட்டேன் என்றால் மறுபடியும் தளபதி வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

இரண்டாவது, தனிக் கட்டளை (command), அதாவது தனக்கென்று தளபதியும் ஆட்களும் உள்ள ஒரு படை அமைப்பு. அமெரிக்க சைபர் கட்டளை 2010-இல் வேறொரு கட்டளையின் கீழ் இயங்கத் தொடங்கி 2018-இல் முழு அந்தஸ்து பெற்றது, ஜெர்மனி 2017-இல் சைபர் பிரிவைத் தொடங்கி 2024-இல் அதைத் தரைப்படை, கடற்படைக்குச் சமமாக்கியது. இதில் நியாயம் இருக்கிறது. ஒரு நல்ல சைபர் ஆளை உருவாக்க வருடங்கள் ஆகும், ஒவ்வொரு படையிலும் ரெண்டு ரெண்டு பேராகச் சிதறவிட்டால் இடமாற்றத்திலேயே காணாமல் போவார்கள். 2021 ஜூலையில் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் மீது சைபர் தாக்குதல் நடந்து டர்பன் துறைமுகம் திண்டாடியதைப் பார்த்த எங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சீனாவைப் பாருங்கள்: விண்வெளி, சைபர், மின்னணுப் போர் எல்லாவற்றையும் 2015 டிசம்பர் 31 அன்று ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள், 2024 ஏப்ரலில் அந்தக் குடையையே பிரித்து மூன்றாக்கிவிட்டார்கள். பெட்டியை மாற்றி மாற்றி வரைந்தால் மட்டும் வேலை நடந்துவிடாது போலிருக்கிறது.

மூன்றாவது, உளவுத்துறையிடமே ஒப்படைப்பது. அமெரிக்காவில் சைபர் கட்டளைத் தளபதிதான் தேசியப் பாதுகாப்பு முகமைக்கும் தலைவர், இரட்டைத் தொப்பி. ஒட்டுக்கேட்கும் வழியும் தாக்கும் வழியும் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் இது வசதி. சிக்கலும் அங்கேயேதான். எங்கள் தெருவில் ஒரு மாமா, அந்தக் காலத்தில் டர்பன் துறைமுகத்துச் சால்ஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று இருந்த ஜல்சேனா கடற்படைப் பயிற்சித் தளத்தில் சிக்னல் கற்றவர், ஒருநாள் சொன்னார்: "எதிரி பேசுற அலைவரிசையை அடைச்சா அவன் செவிடாயிடுவான் தம்பி, ஆனா நாமும் செவிடாயிடுவோம்." கேட்கிறவன் திறந்து வைக்கச் சொல்வான், அடைக்கிறவன் மூடச் சொல்வான். இந்தச் சண்டையில் நடுவராக உளவுத்துறையையே உட்காரவைத்தால் எந்தப் பக்கம் தீர்ப்பு வரும் என்று சொல்லவா வேண்டும்?

என் ஓட்டு முதல் வழிக்குத்தான், ஒரு திருத்தத்தோடு. உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே பாதுகாப்புக்குச் செலவழிக்கிற நாடு, ஏற்கனவே தரை, வான், கடல், மருத்துவம் என்று நாலு படை வைத்திருக்கிறது, ஐந்தாவது கட்டளை வந்தால் முதலில் வருவது ஜெனரல்களுக்கு நாற்காலிதான். சைபர் ஆட்களை ஓரிடத்தில் சேர்த்து வளர்க்கலாம், சரி. ஆனால் படை களத்துக்குப் போனால் அடைக்கவா கேட்கவா என்ற முடிவும், வீடியோவுக்குப் பதில் சொல்லும் முடிவும் கூட்டு நடவடிக்கைத் தளபதியிடம் இருக்க வேண்டும், செல்லுக்கு அவர் பெயரில் உத்தரவு போடும் அதிகாரம் எழுத்தில் வேண்டும். எல்லை தாண்டிய சைபர் தாக்குதல் மட்டும் விதிவிலக்கு. அதன் விளைவை அரசாங்கமே சுமக்க வேண்டும், எனவே முடிவும் அரசாங்கம் இருக்கும் பிரிட்டோரியாவில்தான்.

இதிலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. கோமாவில் நம்மோடு மலாவி, தான்சானியா படைகளும் நின்றன. ஒரே மேசையில் மூன்று நாட்டு அதிகாரிகள், மூன்று தலைநகரங்கள். பதில் யார் குரலில் போகும்?