பேராதனையில் அண்ணாந்து பார்க்க எந்தப் பனை?

கண்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கமராவோடு போகிறவர்கள் நேராக, ரோயல் பாம் என்ற பனை இன மரங்கள் இரு பக்கமும் நிற்கிற சாலைக்குத்தான் போவார்கள். நடுவில் நின்று, இரண்டு வரிசையும் தூரத்தில் ஒன்று சேருகிற இடத்தைப் பார்த்து ஒரு படம் எடுப்பார்கள். அழகான படம்தான். ஆனால் அதே மரத்தடியில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தால் கதை வேறு. நின்று பார்க்கும்போது முதலிடம் பிடிக்கிற மரம், படுத்துப் பார்க்கும்போது பின்னால் போய்விடுகிறது. எந்த மரத்தடியில் படுப்பது என்று தெரிந்துகொண்டு போனால் ஒரு காலைப்பொழுது மிச்சமாகும்.

1821இல் தொடங்கிய இந்தப் பூங்காவில், மகாவலி ஆறு வளைந்து ஓடும் 147 ஏக்கருக்குள் பனை இன மரங்கள் நிற்கிற மூன்று சாலைகள் இருக்கின்றன. நம்முடைய பனை 1887இல் நட்டது. கேபேஜ் பாம் 1905. எல்லோரும் படம் எடுக்கிற ரோயல் பாம்தான் இளையது, 1950.

ரோயல் பாமில் இருந்தே தொடங்குகிறேன். அதன் தண்டு சீமெந்து பூசிய தூண் மாதிரி வெளுத்து வழுவழுப்பாக இருக்கும். உச்சியில் ஓலைகளின் அடிப்பாகம் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு பச்சை உறையாக நிற்கும். சாம்பல் நிறம் முடிந்து பச்சை தொடங்குகிற அந்த இடம்தான் இந்த மரத்தின் அழகு. ஆனால் இதன் ஓலைகள் நாலாபுறமும் வளைந்து கீழே தொங்குகின்றன. நேர் கீழே படுத்தால் தொங்கும் ஓலை அந்தப் பச்சை உறையை மறைத்துவிடும். மேலே தெரிவது ஒரு பச்சைக் குழப்பம். தண்டோடு ஒட்டி லென்சை வைத்தாலும் சரிவராது. இந்த மரத்துக்கு நடுவில் வயிறு கொஞ்சம் புடைத்திருக்கும், அது மேல்பாதியை மறைக்கும். அதனால் ரோயல் பாமுக்கு நான் படுப்பதே இல்லை. ஐந்தாறு அடி தள்ளிக் குந்தியிருந்து, போனைச் சாய்த்து, காலை வெயில் தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் விழும்போது எடுப்பேன். அது அண்ணாந்த படம்தான், ஆனால் நேர் மேலே பார்த்த படம் இல்லை.

கேபேஜ் பாம் இதற்குச் சொந்தக்கார மரம். குருத்தைக் கோவா (முட்டைக்கோஸ்) மாதிரிச் சாப்பிடலாம் என்பதால் வந்த பெயர். தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். படுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இதன் ஓலைகள் தொங்குவதில்லை. கைகளைப் பக்கவாட்டில் நீட்டிய மாதிரி மட்டமாக நிற்கின்றன. கீழே இருந்து பார்த்தால் ஒவ்வொரு கொண்டையும் ஒரு சக்கரம். ஆரக்கால்களை எண்ணலாம். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வானம் தெளிவாகத் தெரியும், அதுதான் படத்தைக் காப்பாற்றுகிற விஷயம். இரண்டு வரிசைக்கும் நடுவில் படுத்தால் சக்கரங்கள் இரு பக்கமும் அணிவகுத்து நிற்க, இடையில் ஆறு மாதிரி ஒரு வானம் ஓடும். முதல்முறை முயல்கிறவருக்கு நான் காட்டுகிற இடம் இதுதான். இங்கே தவறாக எடுப்பதுதான் கஷ்டம்.

ஆனால் நான் அதிக நேரம் கிடப்பது பனைச் சாலையில்.

யாழ்ப்பாணத்தில் பனையை யாரும் படுத்துப் பார்ப்பதில்லை. வேலிக்கு அப்பால், வெளிக்கு அப்பால் என்று அது தூரத்து மரம். கிட்டப் போகிறவர் ஏறத்தான் போகிறார். அதே மரத்தை இங்கே கடல் மட்டத்திலிருந்து 460 மீட்டர் உயரத்தில், ஈரக்காற்றில், சாலையின் இரு பக்கமும் கோடு பிடித்தாற்போல் நட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டிலும் ஓலை இறகு மாதிரி, இதில் விசிறி. அந்த ஒரு வித்தியாசம் படத்தையே மாற்றிவிடுகிறது. இறகு ஓலை வானத்தைக் கீறிக் கீறிக் காட்டும். விசிறி வானத்தை மறைக்கும், பிறகு ஓரத்தில் கூர்கூராக முடியும். ஒன்றன் மேல் ஒன்றாகப் பத்து விசிறி அடுக்கியிருக்க, ஒவ்வொன்றின் ஓரமும் தனித்துத் தெரியும்.

ஒரு ஓலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணி வெயில் சாய்வாக அதன் மேல்பக்கத்தில் விழுகிறது. கீழே இருக்கிற நமக்கு ஒளி ஓலைக்குள்ளால் ஊடுருவி வருகிறது. மடிப்பு மடிப்பாக இருக்கும் ஓலையில் ஒரு மடிப்பு மஞ்சள் கலந்த பச்சை, அடுத்தது கரும்பச்சை. மட்டையின் இரு ஓரத்திலும் கருக்குப் பல் வரிசை கறுப்பாகத் தெரியும். பக்கத்தில் காவோலை ஒன்று தொங்கினால் இன்னும் நல்லது, பச்சைக்கு நடுவே அந்தப் பழுப்பு படத்துக்கு ஒரு வயதைக் கொடுக்கும். கொண்டையின் நடு மட்டும் இருட்டு. அந்த இருட்டை வெளிச்சமாக்கப் பார்க்காதீர்கள், அது இருட்டாக இருக்கட்டும்.

வெளிச்ச அளவும் மரத்துக்கு மரம் மாறும். திரையில் வானத்தைத் தொட்டால் ஓலை கறுத்துப்போகும்; ஓலையைத் தொட்டால் வானம் வெளிறிப்போகும். பனைக்கு வானத்தைத் தொடுங்கள், விசிறியின் ஓரம் நிழலுருவாகவே பேசும். கேபேஜ் பாமுக்கு ஓலையைத் தொட்டு, பிறகு கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைத்தால் போதும். பல வெளிச்ச அளவில் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிற எச்டிஆர் வசதி இரண்டையும் சரிக்கட்டும் என்பார்கள். மெல்லிய இறகு ஓலைகளைச் சுற்றி அது வெளிறிய ஒரு கோட்டைப் போட்டுவிடுகிறது, அதனால் நான் அதை அணைத்து வைப்பேன்.

லென்ஸ் விஷயத்தில் பலர் அதிகம் கவலைப்படுகிறார்கள், அவ்வளவு தேவையில்லை. போனின் 0.5 அகல லென்ஸ் பெரும்பாலும் 120 பாகை அளவுக்குப் பார்க்கும். வரிசைகளுக்கு நடுவில் படுக்கும்போது அதுதான் வேண்டும். ஒரே கொண்டையை எடுக்க 1 என்ற சாதாரண லென்ஸ் நல்லது, கூர்மையும் அதிகம். பெரிய கமராவில், மிக அகலமாகப் பார்த்துக் கோடுகளை வளைக்கிற மீன்கண் லென்ஸ் போட்டால் மரம் வளைந்துவிடும் என்று பயப்படுவார்கள். நேர் மேலே பிடித்தால் அப்படி ஆகாது. அப்போது ஒவ்வொரு தண்டும் படத்தின் நடுவை நோக்கி வருகிற கோடு, நடுவை நோக்கி வருகிற கோட்டை மீன்கண் வளைப்பதில்லை. கொஞ்சம் சாய்த்தால்தான் வளையும். அகல லென்சோ ஓரத்துத் தண்டை இழுத்துத் தடிப்பாக்கும், மீன்கண் அதே தண்டை ஒடுக்கிக் காட்டும். வித்தியாசம் அவ்வளவுதான். எனக்குப் போனே போதுமானதாக இருக்கிறது.

படுக்காமலும் எடுக்கலாம். புல்லில் கைக்குட்டையை விரித்து, திரை கீழே, பின் கமரா மேலே இருக்கும்படி போனை வைத்து, 10 விநாடி டைமர் போட்டு விலகி நிற்பது. லென்ஸ் நிலத்தோடு நிலமாக இருப்பதால் தண்டு இன்னும் உயரமாகத் தெரியும். ஆனால் என்ன வருகிறது என்று பார்க்க முடியாது, ஐந்தாறு தடவை திருத்தித் திருத்தி வைக்க வேண்டும். முழங்கால், முதுகு முடியாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். முடிந்தவர்கள் படுங்கள். காற்று வந்து ஓலை பிரிகிற கணத்தைக் கண்ணால் பார்த்து அழுத்துவதற்கும், டைமர் அழுத்துவதற்கும் நிறைய வித்தியாசம். படுக்கும்போது போன் திசை குழம்பிப் படத்தைக் குறுக்கே சேமிக்கும், பரவாயில்லை. நேர் மேலே பார்த்த படத்துக்கு மேல் கீழ் கிடையாது, வீட்டுக்குப் போய் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். ரோயல் பாம் தன் பழுத்த ஓலையைத் தானே கழற்றிப் போடும் மரம். ஒருமுறை எனக்குப் பத்தடி தள்ளி ஒன்று விழுந்தது. ஓலை விழுகிற சத்தம் இல்லை அது, மரக்கட்டை விழுகிற சத்தம். கேபேஜ் பாமும் அதே குணம்தான். அதனால் தண்டுக்கு நேர் கீழே படுக்காமல் வரிசைகளுக்கு நடுவில் படுங்கள். பழுப்பேறிச் சாய்ந்து நிற்கிற ஓலை மேலே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், காற்று பலமென்றால் எழுந்துவிடுங்கள். வீட்டில் தென்னை இருக்கிறதே, அங்கே பழகலாம் என்று நினைத்தால், தேங்காய் பறித்த மறுநாள் மட்டும் பழகுங்கள்.

ஏப்ரல் முற்பாதியில் கண்டிக்கு மேலே மத்தியானச் சூரியன் உச்சிக்கு வந்துவிடும். புத்தாண்டை ஒட்டிய அந்த நாட்களில், பன்னிரண்டு மணி தாண்டியதும், பனையின் இருண்ட கொண்டைக்குப் பின்னால் சூரியனை முழுசாக மறைத்துவிட்டு, ஒரு விரற்கடை நகர்ந்தால் இரண்டு விசிறிகளுக்கு இடையே ஒரு பொட்டு ஒளி மட்டும் வெடித்துக் கிளம்பும். கண்ணால் நேரே பார்க்காமல் திரையில் மட்டும் பார்த்து எடுங்கள். மற்ற இரண்டு சாலையிலும் இதை முயன்றிருக்கிறேன். இறகு ஓலை சூரியனை மறைக்க மாட்டேன் என்கிறது.