தி கிஃப்டட்டா, பிளாக் லைட்னிங்கா?

பாடசாலை விடுமுறைக்குக் கல்லடி வந்துள்ள மருமக்கள் இருவரும், பரம்பரையாக அதிசய சக்தி கொண்ட குடும்பங்களைப் பற்றிய இந்த இரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் எதைப் பார்ப்பதென்று கேட்கிறார்கள்.

நீளம்: முன்னையதான தி கிஃப்டட் 2017 முதல் 2019 வரை 29 அத்தியாயங்கள், பின்னையதான பிளாக் லைட்னிங் 2018 முதல் 2021 வரை 58. கைபேசி டேட்டாவில் பார்ப்பவருக்கு இது சிறிய வேறுபாடல்ல.

குடும்பம்: தி கிஃப்டட்டில், விசேட சக்தியுள்ளோரை நீதிமன்றுக்கு இழுத்த அரச சட்டத்தரணி, தன் பிள்ளைகளுக்கும் அச்சக்தி உண்டென்று அறிந்து அவர்களோடு தப்பியோடுகிறார், அக்காவும் தம்பியும் கைகோத்தால் சுவரே சிதறும். பிளாக் லைட்னிங்கில் பாடசாலை அதிபரின் மின்சக்தி இளைய மகளுக்கு வர, மூத்தவளோ மூச்சை அடக்கினால் உடல் இரும்புபோல் இறுகுகிறது. எனக்குப் பிடித்தது இந்த வீடே.

முடிவு: முன்னையது அந்தரத்தில் நிற்கிறது; பின்னையது நிறைவடைகிறது.

அவசரக்கார மூத்தவனுக்கு முன்னையது. முடிவு தெரியாமல் உறங்காத சின்னவளுக்குப் பின்னையதே.