ஸ்காட்லாந்தில் குளிர்கால மலை நடை: மேற்கா, கிழக்கா?

டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஸ்காட்லாந்து மலைகளில் நடக்கப் போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது இரண்டு ஊர்கள். மேற்கே ஃபோர்ட் வில்லியம். பென் நெவிஸும் (1,345 மீட்டர்) கிளென் கோ பள்ளத்தாக்கும் அந்தப் பக்கம். கிழக்கே ஏவிமோர், அங்கிருந்து கேர்ன்கார்ம் (1,245 மீட்டர்). அழகுக்கு மேற்குதான், அதில் சண்டையே இல்லை. ரயில், தங்குமிடம், கடை எல்லாம் இரண்டு ஊரிலும் உண்டு. ஆனால் பனியில் நடந்து பழகும் முதல் சில பருவங்களுக்கு என் ஓட்டு கிழக்குக்கே. காரணம் ஒன்றுதான்: அங்கே பெரும்பாலும் நனையாமல் ஏறலாம்.

இந்த மலைகளில் ஆளைச் சாய்ப்பது வெறும் குளிர் அல்ல. ஈரமும் காற்றும் சேர்ந்து வரும் குளிர். 100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 0.65 டிகிரி இறங்கும். ஃபோர்ட் வில்லியத்தில் 7 டிகிரி இருந்தால் உறைநிலை, அதாவது வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும் உயரம், ஏறக்குறைய 1,100 மீட்டரில் இருக்கும். பென் நெவிஸ் ஏற்றமோ கடல் மட்டத்தை ஒட்டித் தொடங்குகிறது. அதாவது மழையிலும் ஆலங்கட்டி கலந்த ஈரப்பனியிலும் மூன்று மணி நேரம் ஏறி, கையுறையும் கழுத்துப் பட்டியும் ஊறிய பிறகுதான் உறைநிலைக்கு மேலே தலை நீட்டுகிறோம். அங்கே ஜிப் இறுகிவிடும், கையுறை அட்டைபோல் விறைத்துவிடும், அதைக் கழற்றி கிராம்பான் (பூட்ஸுக்கு அடியில் கட்டும் இரும்பு முள்சட்டம்) பட்டையை மாட்ட விரல் ஒத்துழைக்காது. அட்லாண்டிக் மழைப்பட்டை ஒன்று கடந்தால் போதும், உறைநிலை ஒரே நாளில் பல நூறு மீட்டர் ஏறி இறங்கும். காலையில் சொதசொதவென்று கிடந்த பனி மாலையில் கண்ணாடியாகிவிடும்.

ஏவிமோரில் 4 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கேர்ன்கார்ம் ஏற்றம் தொடங்கும் கோரி காஸ் கார் நிறுத்தம் சுமார் 630 மீட்டரில் இருக்கிறது. உறைநிலை 850 மீட்டரை ஒட்டி வரும். ஈரப்பட்டையில் நடப்பது 200 மீட்டர் உயரம் மட்டுமே. மேற்கிலிருந்து வரும் காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை வழியிலேயே கொட்டிவிட்டு வருவதால் இங்கே விழும் பனியும் உலர்ந்தது. ஜாக்கெட்டைத் தட்டினால் உதிர்ந்துவிடும். எல்லாக் குளிர்காலமும் இப்படியே அமையும் என்று அடித்துச் சொல்ல முடியாது. வெதுவெதுப்பான தென்மேற்குக் காற்று ஒரு வாரம் நின்றால் கிழக்கிலும் உச்சிவரை மழைதான்.

கிழக்கின் குறை காற்று. கேர்ன்கார்ம் உச்சியில் உள்ள தானியங்கி நிலையம் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 278 கிலோமீட்டர் வேகத்தைப் பதிவு செய்தது. அவ்வளவெல்லாம் வேண்டாம், 65 கிலோமீட்டருக்கே நேராக நடக்க முடியாது, காற்றின் தள்ளு விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். மைனஸ் 5 டிகிரியில் அந்தக் காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 16. காற்று பனித்தூளை முகத்தில் வீசும்போது மூக்குக்கண்ணாடி உதவாது. ஸ்கீ கண்ணாடி கட்டாயம். கையுறை மாற்று ஜோடி ஒன்றாவது உலர்ந்த பையில் இருக்கட்டும்.

வழக்கமான தென்மேற்குக் காற்றில், கோரி காஸ் பக்கம், அதாவது வடக்கிலிருந்து ஏறுவதால் மலையே காற்றை மறைத்து ஏமாற்றும். ஏறும் முகடு முடியும் 1,141 மீட்டர் புள்ளியில் தலை வெளியே வந்ததும் முழு அடியும் விழும். அங்கே நிற்க முடியவில்லை என்றால் அதுதான் திரும்பும் இடம். திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும் என்பது இந்த வழியின் பெரிய வசதி. ஏறுவதற்கு ஃபியகல் அ கோரி காஸ் முகட்டை எடுக்க வேண்டும். பக்கத்திலேயே ஃபியகல் என்று தொடங்கும் இன்னொரு முகடு, ஸ்னெக்தா பள்ளத்தாக்குக்கு மேற்கே இருக்கிறது. அது கைவைத்து ஏறும் பாறை, பெயரில் குழம்பினால் ஆபத்து. அதே தென்மேற்குக் காற்று பனியை அள்ளி வடக்கும் கிழக்கும் நோக்கிய சரிவுகளில் பலகை பலகையாக அடுக்கும். 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் பனிச்சரிவு கிளம்புவது அங்கேதான். அதனால் முகட்டை விட்டுப் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கக் கூடாது. விளிம்பில் துருத்தி நிற்கும் பனியிலிருந்தும் தள்ளியே நடக்க வேண்டும்.

மேற்கு வெல்லும் நாளும் உண்டு. கிழக்குக் காற்று வீசினால் கேர்ன்கார்ம்தான் மேகத்தில் மாட்டும், கிளென் கோ பக்கம் வெளுத்திருக்கும். ஆனால் பென் நெவிஸ் உச்சியில் பனியும் மேகமும் ஒன்றாகி எங்கும் வெள்ளையாகிவிட்டால் இறங்கும் கணக்கு கறாரானது: உச்சியில் உள்ள அளவைத் தூணான உயரக்கல்லிலிருந்து 231 டிகிரியில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரி. இவை வரைபடக் கோணங்கள். அந்த ஆண்டின் காந்த விலகலை (காம்பஸ் காட்டும் வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் விலகினால் ஐவிரல் ஓடை என்ற செங்குத்துப் பிளவு, வலப்பக்கம் விலகினால் வடக்குச் செங்குத்து. 150 மீட்டருக்குத் தனக்கு எத்தனை காலடி என்று, பனியில், கிராம்பானோடு எண்ணிப் பழகாதவர்களுக்கு இது சரிப்படாது.

டிசம்பர் கடைசியில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். ஹெட்லாம்ப் இல்லாமல் எந்தப் பக்கமும் போக வேண்டாம். முந்தின மாலை எம்.டபிள்யூ.ஐ.எஸ். மலை முன்னறிவிப்பில் காற்று, உறைநிலை இரண்டையும், எஸ்.ஏ.ஐ.எஸ். பனிச்சரிவு அறிக்கையில் எந்தத் திசைச் சரிவு மோசம் என்பதையும் பார்த்துவிடலாம். உச்சியில் காற்று மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் என்றால் கிழக்கில் இன்னொரு வசதி: கிளென்மோரிலிருந்து 810 மீட்டர் மெயல் அ வூகிலுக்கு மாறிக்கொள்ளலாம். பாதி வழி மரங்களுக்கு நடுவே, வண்டியை வேறு ஊருக்கு எடுக்கவும் வேண்டியதில்லை.