ஒரே பென்டிரைவில் எல்லா இயங்குதளமும்: வென்டாயுடன் நான்கு ஆண்டுகள்

ஒரே பென்டிரைவில் பல இயங்குதளங்களை வைத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்து இயக்க உதவும் மென்பொருள் வென்டாய். 2021-இல் ஒரு 64 ஜிபி பென்டிரைவில் அதைப் பதிந்தேன். அதற்கு முன்பு என் மேசை இழுப்பறையில் ஆறு பென்டிரைவ்கள் கிடக்கும். ஒன்றில் உபுண்டு, ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் வட்டைப் பிரதி எடுக்கும் குளோன்சில்லா என்று ஒவ்வொன்றிலும் காகிதத் துண்டு ஒட்டி வைத்திருப்பேன். புதிய பதிப்பு வந்தால் பழையதை அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். அவசரத்துக்கு எடுத்தால் அதில் இருப்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய பதிப்பாக இருக்கும்.

அப்போது பென்டிரைவில் எழுதப் பயன்படுத்தியது பெரும்பாலும் ரூஃபஸ். 2011-இல் வந்த அந்தக் கருவி மீது இன்றும் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அது ஒரு பென்டிரைவுக்கு ஓர் இயங்குதளம்தான் எழுதும். பல இயங்குதளங்களை ஒன்றாக வைக்க வேண்டும் என்ற ஆசையில் கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் கிரப் பூட்லோடருக்கு நானே கையால் மெனு எழுதியும் பார்த்தேன். ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு நிறுவல் டிவிடி முழுவதும் ஒரே கோப்பாக இருப்பது) ஒரு வட்டுபோலத் திறந்து, அதற்குள் இயங்குதளத்தின் மையமான கெர்னல் எங்கே இருக்கிறது, அது எழத் தேவையான தொடக்கக் கோப்பான இனிட்ஆர்டி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு லினக்ஸுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். உபுண்டுவுக்கு ஒரு விதம், ஃபெடோராவுக்கு வேறு விதம். அடுத்த பதிப்பில் அந்தக் கோப்பின் பெயர் மாறினால் மெனு வேலை செய்யாது. விண்டோஸோ இந்த வழிக்கு வரவே இல்லை.

வென்டாயின் முதல் பதிப்பு 2020 ஏப்ரலில் வெளிவந்தது. திறமூல மென்பொருள், ஜிபிஎல் உரிமம். அதைப் பென்டிரைவில் ஒரே ஒரு முறை பதிந்தால் போதும். பதியும்போது பென்டிரைவ் இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது. பெரிய பகுதி எக்ஸ்ஃபேட் கோப்பு அமைப்பில் உங்களுக்கு. கடைசியில் இருக்கும் 32 எம்பி அளவுள்ள சிறிய பகுதி வென்டாய்க்கு. அப்புறம் பெரிய பகுதியில் ஐஎஸ்ஓ கோப்புகளை சாதாரணமாகக் காப்பி செய்கிறோம், பாட்டையோ படத்தையோ காப்பி செய்வதுபோல. கணினியை அந்தப் பென்டிரைவிலிருந்து இயக்கினால் எல்லா ஐஎஸ்ஓவும் பட்டியலாக வந்து நிற்கும். வேண்டாத ஒன்றை நீக்க, அந்தக் கோப்பை அழித்தால் சரி.

இதில் என்னைக் கவர்ந்த விஷயம் ஐஎஸ்ஓ கடைசிவரை ஒரு கோப்பாகவே இருக்கிறது என்பதுதான். பிரித்துக் கொட்டுவது இல்லை, மாற்றி எழுதுவது இல்லை. எப்படிச் சாத்தியமாகிறது என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். பூட் ஆகும் நேரத்தில், அந்த ஐஎஸ்ஓ பென்டிரைவில் எந்தெந்த இடங்களில் கிடக்கிறது என்ற வரைபடத்தை வென்டாய் எடுத்துக்கொள்கிறது. அதை வைத்து, ஒரு முழு டிவிடியே செருகப்பட்டிருப்பதுபோலக் கணினிக்குக் காட்டுகிறது. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் எழுந்ததும் பழைய வரைபடம் அதற்குத் தெரியாது, தானாகவே வன்பொருளைத் தேட ஆரம்பித்துவிடும். அதனால் வென்டாய் இனிட்ஆர்டிக்குள் ஒரு சிறு நிரல் துணுக்கை நுழைத்து, கெர்னலின் டிவைஸ் மேப்பர் வசதி வழியாக அதே டிவிடியை மறுபடி உருவாக்கிக் கொடுக்கிறது. விண்டோஸ் நிறுவியில் இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு, ஏன் சில ஐஎஸ்ஓக்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன என்பதும் புரிந்தது. அந்தத் துணுக்கு நுழைய முடியாத, வழக்கத்துக்கு மாறான கட்டமைப்பு கொண்டவை அவை. எனக்கு அப்படி நின்றவை மிகக் குறைவு. ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும் இன்னொரு சிறு மெனு வரும், அதில் கிரப்2 முறை என்று ஒன்று உண்டு. சாதாரண முறையில் மறுத்த இரண்டு ஐஎஸ்ஓக்கள் அதில் எழுந்துவிட்டன.

இந்தப் பென்டிரைவ் அதிகம் உழைத்தது 2025-இல். அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. வன்பொருள் தகுதி இல்லாததால் விண்டோஸ் 11 போட முடியாத மடிக்கணினிகள் என்னைச் சுற்றி நிறையவே இருந்தன. மாமாவின் மடிக்கணினி அதில் ஒன்று. ஒரே அமர்வில் லினக்ஸ் மின்ட், உபுண்டு, ஃபெடோரா மூன்றையும் நிறுவாமலேயே லைவ் முறையில் இயக்கிக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் வைஃபை எடுக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா என்று பார்த்தோம். மின்ட் திரையைப் பார்த்ததும் மாமா, "பழகின மாதிரியே இருக்கேப்பா, இதையே போட்டுடு" என்றார். ஆறு பென்டிரைவ் காலத்தில் இப்படி மூன்றைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்க மாட்டேன். கையில் இருக்கும் ஒன்றைப் போட்டுவிட்டு வந்திருப்பேன். பயன்படுத்தப் போகிறவர் தானே பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இந்தப் பென்டிரைவால் கிடைத்தது. இத்தனை ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த பயன் அதுதான்.

சரி, கஷ்டப்பட்ட இடங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, காப்பி முடிந்துவிட்டது என்று நம்புவது. லினக்ஸில் ஒரு 5 ஜிபி கோப்பைப் பென்டிரைவுக்கு அனுப்பினால் சில நேரம் அரை நிமிடத்திலேயே முடிந்ததாகக் காட்டும். உண்மையில் அது நினைவகத்தில் போய் உட்கார்ந்திருக்கும், பென்டிரைவுக்கு இன்னும் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். என் பென்டிரைவின் எழுதும் வேகம் நொடிக்கு 18 எம்பி அளவுதான், அப்படியானால் 5 ஜிபிக்கு நாலரை நிமிடத்துக்கு மேல் ஆக வேண்டும். இது தெரியாமல் ஒரு முறை உருவிவிட்டேன். அந்த ஐஎஸ்ஓ மெனுவில் அழகாகத் தெரிந்தது, பூட்டும் ஆனது. நிறுவல் எழுபது சதவீதத்தைத் தாண்டிய பிறகு ஒரு தொகுப்பைப் படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. அதற்குள் அந்தக் கணினியின் பழைய வட்டுப் பகிர்வுகள் (பார்டிஷன்கள்) அழிந்திருந்தன. தரவுகளை முன்கூட்டியே வேறு வட்டில் எடுத்து வைத்திருந்ததால் எதையும் இழக்கவில்லை, ஆனால் அன்று முழுவதும் அதிலேயே போனது.

அதிலிருந்து இரண்டு பழக்கங்கள். நினைவகத்தில் தேங்கியிருப்பதை எழுதி முடிக்கும் சிங்க் கட்டளையை டெர்மினலில் கொடுத்து அது முடிந்து திரும்பும்வரை காத்திருப்பது, பிறகு முறையாக எஜெக்ட் செய்வது. அடுத்து, பென்டிரைவில் போய்ச் சேர்ந்த கோப்பின் ஷா-256 மதிப்பை (கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்றது), இயங்குதளத்தின் தளத்தில் கொடுத்திருக்கும் மதிப்புடன் ஒப்பிடுவது. வன்தட்டில் இருக்கும் மூலக் கோப்பைச் சோதித்தால் போதாது, பென்டிரைவில் உள்ள நகலைத்தான் சோதிக்க வேண்டும். அதுவும் ஒரு முறை கழற்றிச் செருகிய பிறகு. இல்லையென்றால் நினைவகத்தில் இருக்கும் நகலையே படித்து சரி என்று சொல்லிவிடும். வென்டாயின் மெனுவிலேயே இந்த மதிப்பைக் கணக்கிடும் வசதி உண்டு. வேறொருவர் கணினியில் நிறுவல் தொடங்கும் முன் நான் இப்போது தவறாமல் அதை ஓட்டிப் பார்க்கிறேன்.

இரண்டாவது, செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு. அது இயங்கும் கணினியில் வென்டாயை முதன்முறை செருகினால் நீலத் திரை ஒன்று வந்து பலரையும் பயமுறுத்தும். அது பழுது இல்லை. மோக் மேனேஜர் என்ற அந்தத் திரையில், வட்டிலிருந்து சாவியைச் சேர்க்கும் தேர்வுக்குப் போய், வென்டாயின் சிறிய பகுதியில் இருக்கும் சாவிக் கோப்பைக் காட்ட வேண்டும். அந்தக் கணினியில் ஒரு முறை செய்தால் போதும். ஆனால் அந்தச் சாவி பதிவாவது பென்டிரைவில் அல்ல, அந்தக் கணினியின் நிலைநினைவகத்தில். நம் பென்டிரைவை எடுத்துக்கொண்டு வந்த பிறகும் அது அங்கேயே இருக்கும். பிறர் கணினி என்றால் இதைச் சொல்லிவிட்டுச் செய்வதுதான் முறை என்று நினைக்கிறேன்.

இதைத் தவிர்க்க செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம் என்று ஒரு நண்பரின் மடிக்கணினியில் அணைத்தேன். வேலை முடிந்து விண்டோஸைத் திறந்தபோது அதன் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருப்பது அவருக்கே தெரியாது. அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி சேமிக்கப்பட்டிருந்ததால் தப்பித்தோம். செக்யூர் பூட் நிலை மாறினால் பிட்லாக்கர் இப்படிக் கேட்கக்கூடும். ஆகவே பயாஸ் அமைப்பில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) கை வைக்கும் முன் குறியாக்கம் இருக்கிறதா, சாவி கையில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இருந்தால் முதலில் விண்டோஸுக்குள் போய் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டு வாருங்கள்.

வென்டாயைப் புதுப்பிப்பது எளிது, ஐஎஸ்ஓக்கள் அப்படியே இருக்கும். விண்டோஸில் அதன் கருவியைத் திறந்தால் இன்ஸ்டால், அப்டேட் என்று இரண்டு பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இன்ஸ்டால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் பதியும். எச்சரிக்கை கேட்கத்தான் செய்யும், அவசரத்தில் அதற்கும் சரி சொல்லிவிட முடியும் என்பதை நான் 40 ஜிபி ஐஎஸ்ஓக்களை இழந்து அறிந்தேன். மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்பதால் பெரிய நஷ்டம் இல்லை. அந்தப் பென்டிரைவில் வேறு எங்கும் இல்லாத ஒரே பிரதியாக எதையும் வைக்காதீர்கள்.

பெர்சிஸ்டன்ஸ் வசதியையும் ஓராண்டு பயன்படுத்தினேன். லைவ் லினக்ஸில் செய்யும் மாற்றங்களை ஒரு தனிக் கோப்பில் சேமிப்பது அது. உபுண்டு வகைகளுக்கு அந்தக் கோப்பின் பெயர்ச்சீட்டு (லேபிள்) காஸ்பர்-ஆர்டபிள்யூ என்று இருக்க வேண்டும், இல்லையென்றால் கண்டுகொள்ளாது. வேலை செய்தது. ஆனால் சாதாரணப் பென்டிரைவ், உலாவியின் சின்னச் சின்ன எழுதுதல்களைத் தாங்கும் வேகத்தில் இல்லை. பக்கம் திறக்கும்போதெல்லாம் திரை உறைந்து நிற்கும். இதற்காகவே வாங்க நினைப்பவர்கள் யூஎஸ்பி உறைக்குள் போட்ட எஸ்எஸ்டியைப் பாருங்கள். நானும் பிறகு ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாறினேன், வேகத்தில் ஒப்பிடவே முடியாத வித்தியாசம்.

எஸ்எஸ்டியில் புதிதாக ஒன்று தெரிய வந்தது. பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும் ஒரு கணினியில் சில ஐஎஸ்ஓக்கள் மட்டும் எழவில்லை. அந்தக் காலத்துப் பயாஸ்களில் சில, வட்டின் முதல் 137 ஜிபியைத் தாண்டிப் படிக்க முடியாதவை. அந்த எல்லைக்கு அப்பால் போய் விழுந்த கோப்புகள்தான் மறுத்தன. பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ கணினிகளில் இந்தத் தொல்லை இல்லை. பழைய கணினிகளுக்காக அந்த 64 ஜிபி பென்டிரைவையும் இன்னும் வைத்திருக்கிறேன்.

நம்பிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்இசட் சுருக்க நூலகத்தில் பின்கதவு நுழைக்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்த பிறகு, வென்டாயின் மூலநிரல் கிடங்கில் முன்பே தொகுக்கப்பட்ட இருமக் கோப்புகள் பல இருப்பதைப் பயனர்கள் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்டார்கள். நியாயமான கேள்வி. பூட் ஆகும் நேரத்தில் இயங்குதளத்துக்குள் துணுக்கை நுழைக்கும் கருவி என்பதால் கேள்வியின் எடை இன்னும் கூடுகிறது. நான் வென்டாயை விட்டுவிடவில்லை, ஆனால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். சோதிப்பது, மீட்பது, வீட்டுக் கணினிகளில் நிறுவுவது எல்லாம் வென்டாயில். சர்வர் நிறுவலுக்கும் முக்கியமான ஆவணங்கள் இருக்கப்போகும் கணினிக்கும், அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவை மட்டும், அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையால் தனிப் பென்டிரைவில் எழுதிப் பயன்படுத்துகிறேன்.

இப்போது என் எஸ்எஸ்டியில் இருப்பவை: மின்ட், டெபியன், ஃபெடோரா, விண்டோஸ் 11, வட்டுப் பிரதி எடுக்க குளோன்சில்லா, பகிர்வு வேலைக்கு ஜிபார்டெட், கெட்டுப்போனவற்றை மீட்க சிஸ்டம்ரெஸ்க்யூ, நினைவகச் சோதனைக்கு மெம்டெஸ்ட்86+. கடைசியாகச் சொன்னதில் 6-ஆம் பதிப்பு முதல்தான் யூஇஎஃப்ஐயில் ஓடும், பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்ஓக்களோடு ஒரு டிரைவர் கோப்புறையும் உண்டு. புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் விஎம்டி என்ற சேமிப்பக அமைப்பு இயக்கத்தில் இருப்பதால் விண்டோஸ் நிறுவியில் வட்டே தெரியாது. அதற்கான டிரைவரை அவிழ்த்து இந்தக் கோப்புறையில் போட்டு வைத்திருந்தால், நிறுவியிலிருந்தே அதைக் காட்டி ஏற்றிக்கொள்ளலாம். முதல் பகுதி சாதாரண எக்ஸ்ஃபேட் என்பதால் இதற்குத் தனிப் பென்டிரைவ் தேவைப்படுவதில்லை. இப்படிப் பல கோப்புகள் உள்ள கோப்புறைகளில் வென்டாய் ஐஎஸ்ஓ தேடி நேரம் செலவழிக்காமல் இருக்க, உள்ளே புள்ளியில் தொடங்கும் வென்டாய்இக்னோர் என்ற வெற்றுக் கோப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள். அது இருக்கும் கோப்புறையைத் தாண்டிப் போய்விடும், மெனுவும் உடனே வரும்.