ஹேண்டில்பாரை 30 மில்லிமீட்டர் உயர்த்தினேன்: இரண்டு வருட மவுண்டன் பைக் அனுபவம்

டிராப்பில், அதாவது பாதை படிபோல் சட்டென்று கீழிறங்கும் இடத்தில், இறங்கும்போதெல்லாம் முன்சக்கரம்தான் முதலில் போய்க் குத்தும். எனக்குத் தைரியம் போதவில்லை என்று நினைத்தேன். பிறகு ஃபோர்க்கில் (முன்சக்கர அதிர்வுதாங்கியில்) காற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். ஹேண்டில்பார்மேல் சந்தேகம் வரவே ஆறு மாதம் ஆயிற்று.

ஓட்டுவது சிங்கப்பூரில். வாரக் கடைசியில் செஸ்ட்நட் பூங்கா. எப்போதாவது பைக்கைப் பம்போட் என்ற சிறு படகில் ஏற்றிக்கொண்டு புலாவ் உபின் தீவு, அங்கே கேதாம் பாதை. என் உயரம் 168 செ.மீ. பைக் செகண்ட் ஹேண்ட். ஹேண்டில்பார் 800 மி.மீ. அகலம், 10 மி.மீ. ரைஸ் (பாரின் நடுவைவிடக் கைப்பிடி உயர்ந்திருக்கும் அளவு). முன்பு வைத்திருந்தவர் ஸ்டீரர் குழாயை (ஃபோர்க்கிலிருந்து மேலே வரும் குழாய்) ஒட்ட அறுத்துவிட்டதால், பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்கு அடியில் உயரம் கூட்டும் ஸ்பேசர் வளையம் போட இடமில்லை. அதனால் 40 மி.மீ. ரைஸ் உள்ள அலுமினிய பார் வாங்கினேன். ஸ்பேசருக்கு இடம் இருப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள்: ஸ்டீரர் சாய்வாக நிற்பதால், பார் மேலே ஏறும்போது நம் பக்கமும் வரும். தரையோடு ஸ்டீரர் செய்யும் கோணம் (ஹெட் ஆங்கிள்) 65 டிகிரி என்றால் 10 மி.மீ. ஸ்பேசருக்குச் சுமார் 4 மி.மீ.

முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. கையில் இருந்த பாரம் பாதத்துக்கு இறங்கியது. ஜம்ப்பின் உதட்டில் (மேலெழும் விளிம்பில்) பாரைப் பிடித்து இழுக்காமலே முன்பக்கம் எழுந்தது.

அகலத்தில்தான் பொறுமை வேண்டும். 800-ல் என் கைகள் ஏற்கெனவே விரிந்து நீண்டிருந்தன; இறங்கும் அதிர்ச்சியை வாங்க முழங்கையில் மடிப்பே மிச்சமில்லை. உடனே அறுக்கவில்லை. கிரிப்பையும் லீவரையும் பக்கத்துக்கு 10 மி.மீ. உள்ளே தள்ளி இரண்டு வாரம் ஓட்டினேன், பிறகு இன்னும் 5. கடைசியில் 770-ல் அறுத்தேன். அறுத்த பார் வளராது!

பாரைச் சுழற்றி வைப்பதில் நன்றாக ஏமாந்தேன். பின்னால் சாய்த்தால் கார் நிறுத்துமிடத்தில் சுகமாக இருக்கும். ஜம்ப்பில் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு பின்னால் போய்விடும். இப்போது ரைஸ் ஸ்டீரரின் சாய்வோடு ஒத்துப்போகும்படி வைத்திருக்கிறேன். பிரேக் லீவரையும் கீழ்நோக்கி விடாமல் கொஞ்சம் படுக்கையாக்கினேன். இறங்கும்போது மணிக்கட்டு முன்னால் மடிவது நின்றது, முன்கை வலியும் போயிற்று. காசு செலவில்லாத இந்த வேலையை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஒருமுறை டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) இல்லாமல் கைக்கணக்கில் ஸ்டெம் போல்ட்டை முடுக்கினேன். அடுத்த டிராப்பில் பார் கீழே சுழன்றது. விழாமல் தப்பியது அதிர்ஷ்டம். என் ஸ்டெம்மில் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டே இருக்கிறது.

குறைகளும் உண்டு. செங்குத்து ஏற்றத்தில் முன்சக்கரம் அலைகிறது. சமதள வளைவில் நெஞ்சைத் தாழ்த்தாவிட்டால் வழுக்கப் பார்க்கிறது. பார் உயர்ந்ததில் முன்பிரேக் ஹோஸ் (எண்ணெய்க் குழாய்) எட்டாமல், ஹேண்டிலை முழுதாகத் திருப்பினால் விறைத்துக்கொண்டது. புது ஹோஸ் போட்டு எண்ணெய் மாற்றிய செலவு, பார் வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது.