ஒரே ஒரு குட்மன் ஆல்பம் வாங்குவதென்றால்

ஒலிப்பதிவுதான் எனக்குப் பிழைப்பு. பழைய ஆல்பம் எது கையில் கிடைத்தாலும், யார் வாசித்தார்கள் என்பதற்கு முன்னால் மைக்கை எங்கே வைத்தார்கள் என்றுதான் தேடுவேன். அமெரிக்க ஜாஸ் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் தன் குழுவோடு 1938 ஜனவரி 16 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் நடத்திய கச்சேரியின் ஆல்பத்தில் இதற்கு விடை சுருக்கமானது: மேடைக்கு மேலே தொங்கிய ஒரு மைக். அதிலிருந்து கம்பி வழியாக வெளியே ஒரு ஸ்டூடியோவுக்குப் போய், அங்கே தட்டுகளில் பதிவானது. ஆல்பர்ட் மார்க்ஸ் என்பவர் தன் மனைவி ஹெலன் வார்டுக்காகச் செய்த ஏற்பாடு அது. ஹெலன் அதற்கு முன் குட்மன் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். விற்கிற எண்ணமே யாருக்கும் இல்லை. குட்மனுக்குக் கிடைத்த பிரதி வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தது. 1950இல்தான் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அதை இரட்டை இசைத்தட்டாகக் கொண்டுவந்தது. அது சக்கைப்போடு போட்டது.

குட்மனைக் கேட்க ஒரே ஒரு ஆல்பம்தான் வாங்குவேன் என்பவருக்கு நான் இதையே சொல்வேன். அவருடைய ஸ்டூடியோ பாடல்களின் தொகுப்புகள் சுத்தமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்த மாதிரி இருக்கும். இங்கே அந்த அவசரம் இல்லை. முதல் உருப்படியில் குழு கொஞ்சம் விறைத்துக்கொண்டு நிற்பதுகூடக் காதில் விழுகிறது. டிரம்ஸில் இருந்த ஜீன் க்ரூப்பா நடுவில் ஓர் அடி அடித்துக் கூட்டத்தை உசுப்பிய பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வருகிறது.

அந்த விறைப்புக்குக் காரணம் உண்டு. ஆட்டக் கூடங்களில் வாசித்துப் பழகிய கூட்டம் அது; கார்னகி ஹாலோ செவ்வியல் இசைக்குப் பேர்போன மேடை. குட்மன் 1909இல் சிகாகோவில் பிறந்தவர். ஏழை யூதக் குடும்பம், பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவது. கிளாரினெட் முதலில் கைக்கு வந்தது ஒரு யூதக் கோவிலின் இசைக்குழுவில். பதினாறு வயதில் பென் பொல்லாக்கின் குழுவில் தொழில்முறைக் கலைஞர். 1934இல் என்.பி.சி. வானொலியில் சனிக்கிழமை ராத்திரி மூன்று மணி நேர நடன நிகழ்ச்சி ஒன்று தொடங்கியது. மூன்று குழுக்களில் ஒன்று குட்மனுடையது. வாசிக்க நிறைய உருப்படிகள் வேண்டும். இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்டின் யோசனைப்படி ஃப்ளெட்சர் ஹெண்டர்சனிடம் இசைக்கோவைகளை விலைக்கு வாங்கினார். ஹெண்டர்சன் கறுப்பினத்தவர், அருமையான குழு ஒன்றை நடத்தி நொடித்துப் போயிருந்தவர். குட்மனின் 'ஸ்விங்' (ஆடவைக்கும் ஜாஸ் பாணி) என்று உலகம் கொண்டாடியதில் பெரும்பங்கு ஹெண்டர்சனின் பேனாவிலிருந்து வந்தது. இந்த ஆல்பத்தை ரசிப்பவர்கள் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

குட்மன் குழுவின் 1935 சுற்றுப்பயணம் வழியெல்லாம் அடி வாங்கியது. ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பலோமார் கூடத்தில் எல்லாம் தலைகீழானது. நியூயார்க்கில் நள்ளிரவுக்கு மேலும் ஒலித்த அந்த வானொலி நிகழ்ச்சி, நேர வித்தியாசத்தால் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் விழித்திருக்கும் வேளையில் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்கள் ஹெண்டர்சனின் உருப்படிகளுக்காகவே காத்திருந்தார்கள். அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. இரண்டரை வருடத்தில் கார்னகி ஹால்; டிக்கெட் எல்லாம் தீர்ந்து, மேடை மேலேயே நாற்காலி போட வேண்டியதாயிற்று.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். கடைசிப் பகுதியில் வரும் 'சிங், சிங், சிங்' ஒன்றுக்கே காசு தகும். லூயி பிரைமா எழுதிய பாட்டு, இங்கே பன்னிரண்டு நிமிடம் நீள்கிறது. க்ரூப்பாவின் டாம்-டாம் அடி ஹாலுக்குள் உருண்டு திரும்புவதைத் தொங்கிய மைக் அப்படியே பிடித்திருக்கிறது. பக்கத்தில் மைக் வைத்திருந்தால் தோல் சத்தம்தான் கிடைத்திருக்கும், கூடம் கிடைத்திருக்காது. பேப் ரஸ்ஸினின் சாக்ஸபோன், ஹாரி ஜேம்ஸின் டிரம்பெட், பிறகு குட்மன். அவர் டிரம்ஸோடு மட்டும் பேசிக்கொண்டே மேலே மேலே போய், உச்சியில் ஒரு சுரத்தை மெல்லிய இழையாக நிறுத்துகிறார். இனி முடித்துவிடுவார்கள் என்று நினைக்கும்போது பியானோவில் ஜெஸ் ஸ்டேசி தொடங்குகிறார். முன்கூட்டிப் பேசி வைத்ததில்லை. அதுவரை பின்னால் தாளத்துக்கு உட்கார்ந்திருந்த மனிதர். தனி ஆவர்த்தனம் களைகட்டி முடிகிற நேரத்தில் தம்புராக்காரர் பாட ஆரம்பித்தால் எப்படி இருக்கும், அப்படி. சுமார் இரண்டு நிமிடம் எங்கும் உரக்கப் போகாமல் நிதானமாக வாசிக்கிறார். க்ரூப்பாவும் அடியைத் தணித்துக்கொண்டு இடம் விடுகிறார். அடுத்த இரண்டு மாதத்துக்குள் க்ரூப்பா குழுவை விட்டே போய்விட்டார் என்பது தெரிந்து கேட்டால் அந்தத் தணிப்பு இன்னும் இனிக்கிறது.

குட்மன் கறாரான முதலாளி. வாசிப்பு பிடிக்காவிட்டால் கண் கொட்டாமல் முறைப்பாராம். அந்த முறைப்புக்குக் குழுவினர் 'ரே' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர் ஸ்டேசியை நிறுத்தாமல் விட்டதுதான் எனக்கு இந்த ஆல்பத்தில் கிடைத்த பெரிய தகவல்.

நால்வர் குழுவின் பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். குட்மன், க்ரூப்பாவோடு பியானோவில் டெட்டி வில்சன், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனில் லயனல் ஹாம்ப்டன்; பின்னிருவரும் கறுப்பினத்தவர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிப்பது அபூர்வமாக இருந்த அமெரிக்கா அது. பியானோக் கலைஞர் கவுண்ட் பேஸி, சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங், டியூக் எலிங்டன் குழுவின் சாக்ஸபோன் கலைஞர் ஜானி ஹாட்ஜஸ் ஆகியோரும் அன்று விருந்தாளிகள். நால்வராக வாசிக்கும்போது குட்மனின் கிளாரினெட் ரொம்ப லேசாகிவிடுகிறது. பெரிய குழுவோடு கேட்டதைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

குறை இல்லாமல் இல்லை. ஜாஸின் இருபது வருட வரலாறு என்று பழைய பாணிகளை வரிசையாக வாசித்துக் காட்டும் பகுதி பள்ளி ஆண்டுவிழா மாதிரி இழுக்கிறது. ஹாட்ஜஸ் வரும் இடத்தைத் தவிர நான் தாண்டிவிடுவேன். எல்லோரும் கூடி வாசிக்கும் 'ஹனிசக்கிள் ரோஸ்' நீளம் அதிகம், ஆனால் லெஸ்டர் யங்குக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

எந்தப் பதிப்பு வாங்குவது என்பதுதான் சிக்கல். 1950 பதிப்பில் சில உருப்படிகள் இல்லை, 'ஹனிசக்கிள் ரோஸ்' வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் காதுக்கு இதம். 1999இல் ஃபில் ஷாப் தயாரித்த குறுந்தகட்டில் விட்டுப்போனவை சேர்ந்திருக்கின்றன. ஆனால் தட்டின் கரகரப்பைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிட்டார்கள். பலர் இதற்குத் திட்டினார்கள். தொழில்ரீதியாக நான் ஷாப் பக்கம்: இரைச்சலை வழித்தெடுத்தால் சிம்பலின் மினுமினுப்பும் ஹாலின் காற்றும் கூடவே போகும். ஹெட்ஃபோனில் கேட்காதீர்கள், கரகரப்பு மண்டைக்குள் உட்கார்ந்துவிடும். ஸ்பீக்கரில், உயர் அலைவரிசையைக் கொஞ்சம் குறைத்துவைத்துக் கேளுங்கள். இரண்டாவது உருப்படிக்குள் காது பழகிவிடும். பழகாதவர்கள் பழைய இசைத்தட்டையே தேடி வாங்கலாம். ஸ்டேசி அதிலும் இருக்கிறார்.